இடது லேனில் ஒரு சின்னக் கார்

அந்த வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஒன்றைத் தவிர. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த லிவரை யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள். மேலே தள்ளலாம், கீழே தள்ளலாம், இண்டிகேட்டர் ஒழுங்காக எரியும். முன்னால் போகிறவனுக்கு லைட் அடித்துக் காட்ட நம் பக்கமாக இழுப்போமே, அதற்கு மட்டும் அது அசையாது. ஒரு மெல்லிய கம்பி, அதன்மேல் கறுப்பு டேப், அந்த டேப்பின்மேல் இன்னும் இரண்டு சுற்று டேப். மற்றபடி கார் பளபளவென்று இருந்தது. சக்கரத்தின் நட்டு போல்ட்டைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குள் இந்தக் கட்டு மட்டும், கல்யாண வீட்டில் அழுக்குத் துணி போட்டு வந்தவன் மாதிரித் துருத்திக்கொண்டு தெரிந்தது.

முதலில் கவனித்தவள் வீப்கேதான். அவள் கணவன் ஹென்னிங் அப்போது பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தான். அந்தத் தலை சீக்கிரம் வெளியே வருவதாக இல்லை.

ஆறு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சு. அவர்களிடம் ஒரு வேன் இருந்தது. சறுக்குக் கதவு, சீட்டுக்கடியில் பிஸ்கட் தூள், மேடு ஏறும்போது ஒரு முனகல். ஹென்னிங் நகராட்சியில் சாக்கடைக் குழாய்ப் பிரிவு எஞ்சினியர். பகலெல்லாம் சாக்கடையோடு மாரடிக்கிறவனுக்குச் சாயங்காலமாவது ஒரு கௌரவம் வேண்டாமா என்று அவன் கேட்டான். அவனுக்கு வேண்டியது கோம்பி. கூரை நீளமாக, டிக்கி பெரிதாக இருக்கும் குடும்பக் காருக்கு இங்கே அந்தப் பெயர். அதற்குள் பந்தயக் காரின் எஞ்சினை வைத்தும் விற்கிறார்கள். மனைவியிடம் டிக்கியைக் காட்டிவிட்டு எஞ்சினை வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதில் உள்ள சூட்சுமம். இந்த நாட்டு ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள்.

“அறுநூறு குதிரை சக்தி எதுக்கு ஹென்னிங்? ஓலேவ பாலர் பள்ளியில கொண்டுபோய் விடவா?”

“அவன் எழுந்திரிக்கிற நேரத்துக்கு அது வேணும்தான்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவள் பாதி தோற்றவள். அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. கனமான வண்டி, உறுதியான வண்டி. எவனாவது வந்து மோதினால் அவன்தான் நசுங்குவான், உள்ளே தன் குழந்தைகள் நசுங்க மாட்டார்கள். மெர்லேவுக்கு ஏழு வயது, ஓலேவுக்கு நான்கு. அவர்கள் பிறந்த நாளிலிருந்து வீப்கேவுக்கு உலகத்தில் வேறு பயமே கிடையாது. எல்லாப் பயத்தையும் அந்த ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள்.

அன்று மரித்தோர் ஞாயிறு. கிறிஸ்துமஸ் விளக்குகள் போடுவதற்கு முந்தைய கடைசி ஞாயிறு. ஜனங்கள் கல்லறைகளில் ஊசியிலைக் கிளைகளைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போய் சத்தமில்லாமல் காபி குடிக்கிற நாள். வீப்கேயின் அம்மா கேட்டால் இன்றைக்கா கார் பார்க்கப் போனாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை, வேகத்துக்கு வரம்பில்லாத ஆட்டோபான் நெடுஞ்சாலையில் லாரிகள் ஓடக்கூடாது. ரோடு காலியாக இருக்கும். வேகம் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை என்று ஹென்னிங் சொல்லியிருந்தான்.

விற்கிறவர் பெயர் ப்ரோடர்சன். ஐம்பதைத் தொட்டவர், செங்கல் வீடு, தோட்டம் வெட்டி ஒழுங்குபடுத்தியிருந்தது. வீட்டுச் செருப்போடு ஈரத்தில் நின்றார். அவர் இவர்களைப் பார்த்துப் பேசவே இல்லை. காரின் பின் சீட்டைப் பார்த்தே பேசினார்.

மெர்லேயின் சீட்டையும் ஓலேயின் சீட்டையும் வேனிலிருந்து எடுத்துவந்து பொருத்தியபோது, பின் சீட்டுத் தோலில் ஏற்கெனவே இரண்டு பள்ளங்கள் இருந்ததை வீப்கே பார்த்தாள். வருஷக்கணக்கில் குழந்தை சீட் அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளங்கள். உள்ளே ஒரு வாசனையும் இருந்தது. தோலும் மெழுகும் மணத்தாலும் அவற்றுக்கு அடியில், மழையில் நனைந்த கம்பளி நூலை அடுப்போரம் காயப்போட்டால் வருமே, அந்த வாசனை.

“உங்களுக்கும் ரெண்டு பசங்களா ப்ரோடர்சன் சார்?”

“ரெண்டு.”

தோட்டத்தில் ஒரு ஊஞ்சல் சட்டம் நின்றது. ஊஞ்சலைக் கழற்றியிருந்தார்கள்.

ஹென்னிங் சீட்டில் உட்கார்ந்து லிவரைத் தொட்டுப் பார்த்தான். “இது என்ன சார், எலும்பு முறிஞ்ச மாதிரிக் கட்டுப் போட்டு வெச்சிருக்கீங்க?”

“அப்படியே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கறேன். முன்னாடி யாராவது மெதுவாப் போனா லைட் அடிக்காதீங்க. பொறுத்துக்குங்க. அவங்களா ஒதுங்குவாங்க.”

“இடது லேன்ல ஒருத்தன் தூங்கிட்டே போனா?”

“பொறுத்துக்குங்க.” அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் இழுத்தேன். அதிலேர்ந்து எங்க வீட்ல சத்தமே இல்ல.”

ஹென்னிங் வீப்கேயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். கழன்ற கேஸ் என்று அர்த்தம். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது, புரிந்ததும் சந்தோஷமாகிவிட்டான்.

வண்டியைக் கிளப்பியபோது ப்ரோடர்சன் வீப்கேயின் ஜன்னலுக்கு வந்தார். “பசங்கள இங்க விட்டுட்டுப் போங்களேன். என் மனைவி உள்ளதான் இருக்கா. கேக் இருக்கு.”

முன்பின் தெரியாத வீட்டில், இப்படிப் பேசுகிற மனுஷனிடம் தன் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற தாய் யாராவது இருப்பாளா? “இல்லைங்க, அவங்க சீட்டு சரியா இருக்கான்னு பாக்கத்தானே கூட்டிட்டு வந்தோம்,” என்றாள் வீப்கே. கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு விலகி நின்றார்.

முதல் அரைமணி நேரம் எல்லாம் நன்றாகவே நடந்தது. வண்டி பால்மேல் ஆடை மாதிரி ரோட்டில் படிந்து போனது. எஞ்சின் சத்தம் காதுக்குக் கேட்பதற்குள் முதுகுக்குத் தெரிந்தது. பின்னால் ஓலே தனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, அதிலும் தனக்குத் தெரிந்த ஒரே வரியை, திரும்பத் திரும்பப் பாடினான். மெர்லே அவனை அடக்கப் பார்த்தாள். அவன் இன்னும் உரக்கப் பாடினான்.

“பாத்தியா, சத்தமே இல்ல,” என்றான் ஹென்னிங், எஞ்சினைத் தடவிக்கொடுக்கிற மாதிரி.

“பின்னாடி அதைச் சொல்லு.”

நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கியது. நவம்பரில் அப்படித்தான், பகல் வந்த காரியம் முடியாமலே எழுந்து போய்விடும். இரண்டு பக்கமும் அறுத்த சோளக்கொல்லைகள், அவற்றின் மேல் இடுப்பளவு மூடுபனி. எதிர்த்திசையில் எப்போதாவது ஒரு வண்டி. இவர்கள் திசையில் யாருமே இல்லை. ஹென்னிங் கொஞ்சம் மிதித்தான், இன்னும் கொஞ்சம் மிதித்தான், மரங்கள் கரைந்து ஒரே சுவராகின.

அப்போதுதான் இடது லேனில் அந்தச் சின்னக் கார் தெரிந்தது.

பழைய கார். வெளிர் பச்சை, உருண்டை முதுகு. மணிக்கு எண்பது இருந்தால் அதிகம். இங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும், இடது லேன் முந்துகிறவர்களுக்கு மட்டும். வலது லேன் கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடந்தது, அதில் போகாமல் இடது லேனில் ஊர்ந்துகொண்டிருந்தது. ஹென்னிங் பிரேக் போட்டு வேகத்தைக் குறைத்து அதன் பின்னால் ஒட்டிப் போனான். அதன் பின் கண்ணாடியில் இரண்டு குழந்தைகள் சீட்டில் மண்டியிட்டுப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையன், அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி. பெல்ட் இல்லை. ஒன்றும் இல்லை.

“பெத்தவளுக்கு அறிவு வேண்டாம்?” என்றாள் வீப்கே.

வலப்பக்கம் திருப்பி ஒரே மிதியில் முந்திப் போயிருக்கலாம். ரோடே காலி, பார்க்க ஆள் இல்லை. ஆனால் வலப்பக்கமாக முந்துவதை ஹென்னிங் வாழ்நாளில் செய்ததில்லை. அவன் அப்பா செய்ததில்லை. அவனுக்குத் தெரிந்த யாரும் செய்ததில்லை. இவர்களிடம் அது திருட்டுக்கு ஒரு படி கீழே. முன்னால் போகிறவனின் முதுகில் மூக்கை வைத்து, கண் கூசும்படி லைட்டை அடித்து, அவனுக்குக் கை உதறவைத்து ஓரத்துக்குத் தள்ளுவது மட்டும் தப்பே இல்லை. அதை நல்ல குடும்பத்து மனிதர்கள் தினமும் செய்கிறார்கள். செய்துவிட்டு வீட்டுக்குப் போய் குழந்தைக்குக் கதை படிக்கிறார்கள்.

ஹென்னிங்கின் கை லிவரிடம் போனது, திரும்பி வந்தது. கேட்டுக்கொண்டாரே என்று அவனுக்கு ஒரு தயக்கம். அந்த மட்டுக்கு அவன் நல்லவன்தான்.

“அம்மா, ஒண்ணுக்கு வருது,” என்றான் ஓலே.

“இருடா கண்ணா, நிறுத்துற இடம் வந்துரும்.”

“இப்பவே வருது!”

புது வண்டி, தோல் சீட், இன்னும் வாங்காத சீட். முன்னால் அந்தப் பச்சை முதுகு நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. வீப்கேவுக்குத் தலை வலித்தது. முன்னால் ஓட்டிக்கொண்டு போகிறவள்மேல் எரிச்சல், மண்டியிட்டு உட்கார்ந்திருந்த அந்தக் குழந்தைகள்மேல்கூட எரிச்சல்.

“அடி ஹென்னிங். ஒரு தடவை அடி. ஒதுங்கித் தொலையட்டும்.”

அவன் டேப்பைப் பிய்த்தான். கம்பியை நெம்பினான். லிவரைத் தன் பக்கம் இழுத்தான்.

வெள்ளை வெளிச்சம் பாய்ந்து அந்தச் சின்னக் காரின் உள்புறம் முழுவதும் நிறைந்தது. குழந்தைகள் இருவரும் கண்ணைக்கூட மூடவில்லை. பழகிப்போனவர்கள் மாதிரி அப்படியே பார்த்தார்கள். கார் உடனே, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி, வலது லேனுக்கு ஒதுங்கியது.

முந்தும்போது அது வீப்கேயின் ஜன்னலுக்கு நேராக வந்தது. ஓட்டியவள் தலையில் துணி கட்டியிருந்தாள். கைக்கு எட்டும் தூரத்தில் அவள் முகம். ரத்தம் இல்லை, காயம் இல்லை, சாதாரண முகம், தூக்கம் போதாத ஒரு தாயின் முகம். அவள் ஹென்னிங்கைப் பார்க்கவில்லை. வீப்கேயைப் பார்த்தாள். வாய் திறக்காமல் ஒரே ஒரு தரம் தலையாட்டினாள். வெறுப்பு என்றால் என்ன என்று வீப்கேவுக்கு அதுவரை தெரியாது. எரிச்சலையும் கோபத்தையுமே வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இது அவசரமே இல்லாதது. பல காலம் காத்திருந்தது, இன்னும் காத்திருக்கக் கூடியது.

“போ,” என்றாள் வீப்கே. “வேகமாப் போ.”

அவன் மிதித்தான். அவனுக்கு அது கசக்குமா? எஞ்சின் உறுமியது, முதுகு சீட்டில் அழுந்தியது, முள் இருநூறைத் தாண்டியது. வீப்கே மூச்சு விட்டாள். தன் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாள்.

இரண்டு விளக்குகள்.

சின்னவை, உருண்டை, மஞ்சள். இப்போதைய கார்களில் அந்த நிறத்து விளக்கே கிடையாது. ரொம்பத் தூரத்தில் இல்லை.

“ஹென்னிங்.”

“பாத்தேன். வேற யாராவதா இருக்கும்.”

இருநூற்று இருபது. நாற்பது. காற்று கதவு இடுக்குகளில் ஊளையிட்டது. மூடுபனி ரோட்டுக்குக் குறுக்கே துண்டு துண்டாக வந்து கண்ணாடியில் அறைந்து விலகியது. நனைந்த கம்பளி வாசனை இப்போது ஹீட்டர் காற்றோடு சேர்ந்து முகத்தில் வந்தது. கண்ணாடியில் விளக்குகள் அதே இடத்தில், அதே அளவில். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. ஒரு பழைய தையல் மெஷின் ஓடுவதைப் போன்ற எஞ்சின் சத்தம், அவ்வளவு வேகத்திலும் அவசரப்படாத சத்தம், காற்றுக்கு நடுவே தெளிவாகக் கேட்டது.

விளக்குகள் ஒரு தரம் பளிச்சென்று அடித்தன.

ஹென்னிங் வலது லேனுக்கு ஒதுங்கினான். கை தானாகவே ஒதுக்கிவிட்டது. வேகமாக வருகிறவனுக்கு வழி விட வேண்டும் அல்லவா? விளக்குகளும் வலது லேனுக்கு வந்தன. இடது லேனுக்குப் போனான். அவையும் வந்தன. மறுபடி ஒரு தரம் அடித்தன.

“என்னதான் வேணும் அவளுக்கு?” ஹென்னிங்கின் குரல் உடைந்திருந்தது. “ஒதுங்கிட்டேனே. ஒதுங்கிட்டேனே!”

“நிறுத்து. ஓரமா நிறுத்து.”

“மிதிக்கறேன் வீப்கே.” அவன் கால் பிரேக்கின்மேல் முழுதாக நின்றிருந்தது. முள் இறங்கவில்லை.

அவள் ஃபோனை எடுத்தாள். விரல் இரண்டு தரம் வழுக்கியது. கார் விளம்பரத்தில் இருந்த நம்பரை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார், ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர் போல.

“இழுத்துட்டீங்களா?” என்றார் ப்ரோடர்சன்.

“பின்னாடி ஒரு கார் வருது. விட மாட்டேங்குது. யாரு அவ? என்ன பண்ணீங்க நீங்க?”

“அவ மெதுவாப் போனா. நான் லைட் அடிச்சேன். பயந்துபோய் ஒதுங்கினா, அங்க ஆத்துப் பாலம், ஒதுங்க இடம் இல்ல. ரெண்டு குழந்தைங்க, பின்னாடி. நான் நிக்கல.” அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். “மறு வாரம் என் குழந்தைங்களோட அதே ரோட்டுல போனேன். முன்னாடி அதே கார். மறுபடியும் அடிச்சேன். என்ன ஜென்மமோ நான்.”

“எங்களுக்கு ஏன் குடுத்தீங்க இந்த வண்டிய?”

“சொன்னேன்ல? கட்டிக்கூட வெச்சேன். நீங்களா அவுத்தீங்க.” அவர் குரல் திடீரென்று இறங்கிக் கெஞ்சியது. “அம்மா, ஒண்ணு சொல்லுங்க. அந்தக் காரோட பின் கண்ணாடியில யாராவது இருந்தாங்களா? பையன் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான்.”

வீப்கே ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஒருத்தர் பசங்க கிடைச்சாத்தான் இன்னொருத்தர் பசங்கள விடுவா. எனக்குத் தெரியும். உங்க பசங்க சத்தம் கேக்குதா? பேசறாங்களா?”

அவள் கேட்டாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். டயர் சத்தம். காற்று. ஹென்னிங்கின் மூச்சு.

ஓலே பாடவில்லை.

எப்போது நிறுத்தினான்? லைட் அடித்தபோது? முந்தியபோது? ஒண்ணுக்கு என்று அழுதவனிடமிருந்து அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டாளா? மெர்லே? மெர்லே ஒரு நிமிஷம் வாய் மூடுகிறவளா?

கழுத்து திரும்ப மறுத்தது. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பாத வரைக்கும் அவர்கள் தூங்குகிறார்கள். தூங்கித்தான் இருப்பார்கள். நெடுந்தூரம் போனால் தூங்குவார்கள்தானே?

“மெர்லே,” என்றாள் முன்னால் பார்த்தபடியே. “மெர்லே கண்ணு. தம்பி தூங்கிட்டானா?”

பின் சீட்டில் ஒரு பெல்ட் லேசாக உராய்ந்தது.

கண்ணாடியில் மஞ்சள் விளக்குகள் அணைந்தன.

“போயிட்டா,” என்றான் ஹென்னிங். அழுதுகொண்டே சிரித்தான். “வீப்கே, போயிட்டா...”

தையல் மெஷின் சத்தம். வலப்பக்கம். அவள் ஜன்னலுக்கு வெளியே.

“வலப்பக்கமா வர்றா,” ஹென்னிங் முனகினான். “வலப்பக்கமா முந்தறா.” இவ்வளவு நடந்த பிறகும் அதுதான் அவனை உடைத்தது.

முதலில் முன்சக்கரம். பிறகு பச்சைக் கதவு. பிறகு அவள். இந்தத் தரம் அவள் திரும்பவில்லை. வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு வீடு திரும்புகிறவள் மாதிரி ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். கார் அங்குலம் அங்குலமாக முன்னேறியது. பின் ஜன்னல் வந்தது.

மெர்லே.

நீல ஜாக்கெட். காலையில் வீப்கே பின்னிவிட்ட சடை. உள்ளங்கை கண்ணாடியில் தட்டையாக. வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை, ஆனால் என்ன சொல்கிறாள் என்று தெரியாத தாய் கிடையாது. பக்கத்தில் ஓலே, சீட்டின்மேல் ஏறி நிற்கிறான். நிற்காதே என்று வீட்டில் நூறு தரம் சொல்லியிருக்கிறாள்.

வீப்கே கத்தினாள். கதவுக் கைப்பிடியை இழுத்தாள். வரவில்லை. கண்ணாடியைக் குத்தினாள். அவளுக்கும் அவள் மகளுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்த ஒரு முழம் காற்றாகப் பறந்தது.

சின்னக் கார் முன்னே போய்விட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

மெர்லேயின் சீட்டில் ஒரு பையன், அவனுக்குப் போதாத சீட்டில் முழங்கால்களை மடக்கி, மூக்குக்கண்ணாடியோடு. ஓலேயின் சீட்டில் ஒரு சின்னப் பெண். பெல்ட் கச்சிதமாகப் போட்டிருந்தது. முடியிலிருந்தும் ஸ்வெட்டரிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. இருவரும் அவளைப் பார்த்தார்கள். பாவமான முகங்கள். அதுதான் தாங்க முடியவில்லை, பேயாக இருந்திருந்தால் தேவலை.

கையில் இருந்த ஃபோன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. “இருக்காங்களா? அம்மா? என் பசங்க இருக்காங்களா? ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, ஒரே ஒரு வார்த்தை...”

பையனின் கண்கள் ஃபோனுக்குப் போயின. “அப்பாவா?” என்றான்.

வீப்கே ஃபோனைக் காதருகே கொண்டுபோனாள். அவளுக்குள் இதுவரை நடுங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அடங்கிப்போய், சில்லென்று ஒன்று வந்து உட்கார்ந்தது. சற்றுமுன் ஜன்னலுக்கு அப்பால் பார்த்த அதே முகம் இப்போது தனக்கு இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

“இல்ல,” என்றாள். “யாரும் இல்ல. நீங்க சாகறவரைக்கும் யாரும் வரமாட்டாங்க.”

ஃபோனை அணைத்தாள்.

முன்னால் இடது லேனில் சின்னக் கார். எண்பதுதான் போகிறது என்று பார்த்தாலே தெரிந்தது. ஹென்னிங் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். அறுநூறு குதிரைகளும் கத்தின. முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. இடைவெளி குறையவில்லை. அவன் விரல் லிவரின்மேல் கிடந்தது, இழுக்கவும் துணியாமல், எடுக்கவும் தெரியாமல்.

“அடிக்காத,” என்றாள் வீப்கே. “அடிக்காத, அடிக்காத, அடிக்காத ஹென்னிங்.”

“அடிக்கல. நான் அடிக்கல.”

ஆனாலும் வெளிச்சம் பாய்ந்தது. லிவர் தானாக வந்து போனது. கட்டு அவிழ்ந்த லிவர். வெள்ளை வெளிச்சம் அந்தச் சின்னக் காரின் உள்ளே நிறைந்தது. இரண்டு குழந்தைகள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது முதல் தரம்.

பின்னால் அசையும் சத்தம். பையன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். கவனமாக மடித்தான். மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

“இப்பப் பாலம் வரும்,” என்றான். “தங்கச்சி, கண்ண மூடிக்கோ.”

மூடுபனிக்குள் அகலமாக, சாம்பல் நிறத்தில் ஒன்று எழுந்து வந்தது. சின்னக் காரின் வலது இண்டிகேட்டர் எரிந்தது. அணைந்தது. எரிந்தது. ஓலே கண்ணிலிருந்து கையை எடுத்து, அம்மாவைப் பார்த்து ஆட்டினான்.